முன்வாசல் வழியாகப் போன அம்மணி

“அந்த வீட்டுக்காரன் மூச்சுக்காத்துகூட என் அடுப்பங்கரையில படக்கூடாது!”

“அப்ப ஜன்னலை இறுக்கிச் சாத்துங்கப்பா. இன்னிக்குக் காத்து அவங்க வீட்டுப் பக்கமிருந்துதான் வீசுது!”

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன், கையில் ஒரு காலி பாட்டிலோடு. ரொட்டிக்குக் கொஞ்சம் ஈஸ்ட் கேட்க வந்ததாகப் பேர். என் வீட்டில் ஈஸ்ட் இல்லாமல் இல்லை. ஆனால் அப்சலோம் டிசார்டின் குரல் எங்கள் கோழிக்கூடு வரைக்கும் வந்து முட்டும்போது, பாதிப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. என்ன ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் பொறுப்பு இருக்கிறது.

“வா டார்க்கஸ், வா” என்றார் அப்சலோம், திரும்பிப் பார்க்காமலே. “ஈஸ்டா, உப்பா? இந்தத் தடவை எது தீர்ந்துபோச்சு?”

“ஈஸ்ட்தான் மாமா. நீங்க பேசிக்கிட்டிருங்க, எனக்கு அவசரமில்ல.”

அவர் மகள் செலீனா மேசையில் மாவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். அவள் அடித்த அடியில் அது மாவு என்று தோன்றவில்லை. அப்பாவோ என்று சந்தேகமாக இருந்தது.

விஷயம் எங்கள் மீன்பிடி ஊரான ஜெருசா குடாவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செலீனாவும் கார்லண்ட் கீப்பிங்கும் ஆறு வருஷமாக ஒருவரை ஒருவர் தேவாலயத்தில் மட்டும் பார்த்துக்கொள்கிறவர்கள். அவன் அப்பா யோபுவும் அப்சலோமும் ஒரு காலத்தில் ஒரே படகில் போனவர்கள். பிறகு ஒரு வசந்தத்தில் மீன் வலை போடும் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கியபோது, நல்ல இடம் யோபுவுக்கு விழுந்தது. சீட்டின் மூலையை அவன் அடையாளத்துக்கு மடித்து வைத்திருந்தான் என்றார் அப்சலோம். சொன்னதோடு நிற்காமல், தேவாலய வாசலில், எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தார்: யோபு கீப்பிங்கின் ரத்தம் என் அடுப்பங்கரையில் உட்காராது, உட்கார்ந்தவன் இன்னான் என்று தெரிந்த நிமிஷமே வெளியே தள்ளுவேன், வெளியே வானமே இடிந்து விழுந்தாலும் சரி. யோபு செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் செத்தவனோடு சண்டை போடுவதில் ஒரு வசதி இருக்கிறது. அவன் சமாதானம் பேச வரமாட்டான்.

இப்போது கார்லண்ட் கெடு வைத்துவிட்டான். கிறிஸ்துமஸை ஒட்டிய வேஷ நாட்கள் முடிவதற்குள் கல்யாணத்துக்குச் செலீனா ஒரு பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பனிக்கட்டி உடைந்ததும் வரும் முதல் கப்பலில் கனடாவுக்குப் போய்விடுவான். அப்போது எங்கள் தீவு தனி, கனடா எங்களுக்கு வெளிநாடு. அதோடு சேருவதா வேண்டாமா என்று நாங்கள் ஓட்டுப் போட்டது அடுத்த கோடையில்தான். டொரண்டோவில் ஆலை வேலைக்குப் போனவர்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்புவார்கள், அவ்வளவுதான். ஆள் திரும்பியதில்லை.

“ஓடிப்போயேன், யாரு தடுத்தா?” என்றார் அப்சலோம்.

“ஓடறதுன்னா எப்பவோ ஓடியிருப்பேன். அவருதான் பின்பக்கமா வந்து கூட்டிட்டுப் போக நான் என்ன கோழித் திருடனாங்கறாரு. நான் போயிட்டா உங்களுக்கு யாரு ரொட்டி சுடுவா?”

“டார்க்கஸ் சுடுவா. ஈஸ்ட்தான் வாங்கிட்டுப் போறாளே.”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்கதவு தட்டப்பட்டது. கையால் இல்லை, தடியால். அதைத் தொடர்ந்து, குரல் அடையாளம் தெரியாமலிருக்க மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசும் அந்தக் கரகரப்பு: “வேஷக்காரங்க வந்திருக்கோம். உள்ள விடுவீங்களா?”

கிறிஸ்துமஸுக்குப் பிறகு பன்னிரண்டு நாள் இந்தக் கூத்துதான். ஆண்கள் பாவாடை கட்டுவார்கள், பெண்கள் மீனவரின் எண்ணெய்க் கோட்டு மாட்டுவார்கள், முகத்தில் திரைத்துணி தொங்கும். உள்ளே விட்டு, ஆடவிட்டு, யார் என்று வீட்டுக்காரர் கண்டுபிடிக்க வேண்டும். பெயரைச் சரியாகச் சொன்னால் துணி விலகும். சொல்லாதவரை விலகாது. கையால் துணியை விலக்கிப் பார்ப்பதைப் போல ஈனமான காரியம் எங்கள் ஊரில் கிடையாது; திருட்டுக்குக்கூட மன்னிப்பு உண்டு.

அப்சலோமுக்கு இது உயிர். மூடுபனியில் எதிரே வரும் படகில் இருமுகிறவன் யார் என்று சொல்லக்கூடிய மனிதர். “வாங்க, வாங்க!” என்று சண்டையை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

இரண்டு பேர். முன்னால் வந்த குள்ள உருவத்தின் முகத்தில் என்னுடைய கூடத்து ஜன்னலின் லேஸ் திரை. பின்னால் வந்த நெட்டை உருவத்தின் முகத்தில் அதன் ஜோடி.

“ஹெட்லி!” என்று கத்தினேன். “அது என் திரை! கழட்டு!”

“அவசரப்பட்டுக் கெடுத்துட்டியே” என்று என் புருஷன் துணியைத் தூக்கினான். “அப்சலோம் மாமா சொல்ல வேணாமா?”

“உன்னைச் சொல்றதுக்கு நான் எதுக்குடா? உன் தொப்பை சொல்லுதே” என்ற அப்சலோம் நெட்டை உருவத்தின் பக்கம் திரும்பினார். பூப்போட்ட பாவாடை, முதுகில் தலையணைக் கூன், கையில் கம்பளி உறை, பூட்ஸ் இடம் வலமாக மாற்றி மாட்டியது, நடை தெரியாமலிருக்க. “இது யாரு, இவ்வளவு லட்சணமா? உக்காரும்மா, உக்காரு. ஏன் அம்மணி, நீ எந்த ஊரு?”

எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தத் தோளை ஆறு வருஷமாக முன்பெஞ்சில் பார்த்திருக்கிறேன். செலீனாவைப் பார்த்தேன், மாவு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஹெட்லியைப் பார்த்தேன், அவன் கூரையைப் பார்த்தான். கப்பலேறும் முன் ஒரே ஒரு தடவை அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று கார்லண்ட் கேட்டானாம், என் புருஷனும் என் திரையை எடுத்துக் கொடுத்துவிட்டானாம்.

கேக் வந்தது, ரம் வந்தது. அப்சலோம் ஹார்மோனியப் பெட்டியை அமுக்கினார், அம்மணி மாற்றிப் போட்ட பூட்ஸோடு ஆடியது. காற்று ஊளையிட்டதை அப்போது யாரும் சட்டை செய்யவில்லை. கிளம்பலாம் என்று ஹெட்லி பின்கதவைத் திறந்தபோது கொல்லை இல்லை, வேலி இல்லை, உலகமே இல்லை. வெள்ளை மட்டும் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே கையை நீட்டினால் கை திரும்பி வருமா என்பது சந்தேகம்.

“இதுல யாரும் போக வேணாம்” என்றார் அப்சலோம். “மேல ரெண்டு அறை இருக்கு. அம்மணி அடுப்பு பக்கத்துல பெஞ்சுல படுத்துக்கட்டும்.”

காலையில் பின்கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். கதவின் பலகைக் கோடுகளும் கைப்பிடியும் அதில் அச்சாகப் பதிந்திருந்தன. ஜன்னல்கள் பாட்டில் அடி மாதிரி நீலமாகிவிட்டன. மண்வெட்டி? அது வெளியே, கோழிக்கூட்டுச் சுவரில், சாய்த்து வைத்த இடத்தில் பத்திரமாக இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வடகிழக்கிலிருந்து வந்த காற்று வீட்டின் பின்பக்கத்தைத்தான் புதைத்தது. கடலைப் பார்த்த முன்பக்கத்தைத் துடைப்பத்தால் பெருக்கியதுபோல் துடைத்து வைத்திருந்தது. அங்கே ஒரு கதவு இருக்கிறது, நல்ல கதவு, வெண்கலக் குமிழ் வைத்தது. புயல் ஓய்ந்த நிமிஷம் அதைத் திறந்து இறங்கி நடந்திருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை. ஏன் தோன்ற வேண்டும்? முன்வாசல் நடப்பதற்கா இருக்கிறது? பாதிரியார் வந்தால் திறக்கும். பிணம் போனால் திறக்கும். கல்யாணமாகிப் பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பினால் திறக்கும். மற்ற நாட்களில் அது சுவர். பாதி வீடுகளில் அதற்குப் படிகூடக் கிடையாது. டிசார்ட் வீட்டிலும் கிடையாது. தேவைப்படும் நாளில் நாலு பலகையை அடுக்கிக்கொள்வோம். டிசார்ட் வீட்டு முன்வாசல் கடைசியாகத் திறந்தது செலீனாவின் அம்மா போனபோது.

ஆக, ஒரு கதவு புதைந்தும் ஒரு கதவு கண்ணுக்குத் தெரியாமலும் ஐந்து பேர் அடைபட்டோம். அதில் ஒருவன் முகத்தை மூடிக்கொண்டு.

செலீனா என்னை மாவு மூட்டைப் பக்கம் இழுத்துப் போனாள். “டார்க்கஸ் அக்கா, வாயைத் திறந்தீங்க, அந்த ஈஸ்ட் பாட்டிலை உங்க தலையிலயே உடைப்பேன்.”

“நான் என்னடி சொன்னேன்?”

“இன்னும் சொல்லல. அதான் பயமா இருக்கு. அப்பாவுக்குத் தெரிஞ்சா சொன்ன சொல்லுக்காக இவரை வெளிய தள்ளிடுவாரு. தள்ளினா நானும் போவேன். ரெண்டு பேரையும் வசந்தத்துல தோண்டி எடுங்க.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் காற்றில் எங்கள் வீடு வரைக்கும்கூட யாரும் போய்ச் சேரமுடியாது; அது கூப்பிடு தூரம்தான்.

எனக்கு வந்த சோதனையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. குடாவின் மிகப் பெரிய செய்தி எதிரே உட்கார்ந்து கருவாடும் ஊறவைத்த கல் பிஸ்கட்டும் தின்கிறது, என் திரைக்கு அடியில் கரண்டியை விட்டு, பன்றிக் கொழுப்பை லேஸில் வழியவிட்டு. நானோ ஊமை.

அப்சலோம் விடாமல் ஊகித்துக்கொண்டிருந்தார்.

“அம்மணி, நீ வடக்குக் கரை டீச்சர்தானே?”

தலை ஆடியது, இல்லை என்று.

“வியாபாரியோட பொண்டாட்டி?”

இல்லை.

“பிஷப்பா? சொல்லிடுங்க ஐயா, பாவாடை உங்களுக்குப் புதுசில்லையே.”

ஹெட்லி சிரித்து டீயைத் துப்பினான். செலீனா சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு விறகை அடுப்பில் திணித்தாள்.

விறகு குறைந்தது. அம்மணி எழுந்து வறுக்கிற சட்டியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியே பனிக்குள் துளை போட ஆரம்பித்தது. விறகுக் கொட்டகை வரைக்கும், குனிந்து போகிற அளவுக்கு. வெட்டிய பனியை நாங்கள் தொட்டிகளில் வாங்கி அடுப்பருகே வைத்துத் தண்ணீராக்கினோம். பூப்போட்ட பாவாடை இடுப்பு வரை நனைந்து விறைத்து, பலகை மாதிரி தட்டினால் சத்தம் போட்டது. அப்சலோம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

“இந்தப் பொம்பளை நல்லா உழைக்கிறா ஹெட்லி. கட்டிக்கப் போறவன் குடுத்து வச்சவன்.”

அடைபட்ட வீட்டில் நேரம் வேறு மாதிரி நடக்கும். முதல் நாள் எல்லோரும் பேசினோம், ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தோம். மறுநாள் பேச்சு வற்றியது. பனி மேலேறி வர, காற்றின் ஊளைகூட எங்கேயோ பக்கத்து ஊரில் நடப்பது மாதிரி கேட்டது. ஒரு வீட்டுக்குள் இருக்கிற மனிதர்களின் மூச்சு எத்தனை சத்தம் என்பது அப்போதுதான் தெரியும். இன்னொன்றும் தெரிந்தது: மூடிய முகத்துக்கு முன்னால் மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் முகத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

அன்றைக்கு மத்தியானம் செலீனா மேலே படுத்திருந்தாள். ஹெட்லி குறட்டை. நான் கண்ணை மூடியிருந்தேன். தூங்கவில்லை, சும்மா மூடியிருந்தேன். அப்சலோம் டீயை ஊற்றிக்கொண்டு அம்மணிக்கு எதிரே உட்கார்ந்தார்.

“இவ அம்மாவை முன்வாசல் வழியா எடுத்தப்ப,” என்று ஆரம்பித்தார், யாரும் கேட்காமல், “ஊரே கூடத்துல நின்னுது. ஒருத்தன் மட்டும் பாதையில நின்னான். தொப்பியைக் கையில வச்சிக்கிட்டு. மழை. அவன் வரல. நானும் கூப்பிடல.”

அடுப்பில் விறகு சரிந்தது.

“ஒரு வார்த்தைதான். வாடான்னா போதும். அந்தச் சீட்டு மூலையை அவன் மடிச்சானா இல்லையான்னு இன்னிக்கு எனக்கே ஞாபகம் சரியா இல்ல. ஊர் முன்னால சொன்ன சொல்லு மட்டும் ஞாபகம் இருக்கு.”

மூச்சை உள்ளே இழுத்த அந்தக் குரல் வந்தது, முன்னைவிட மெதுவாக: “கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரு. வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா ஈரத் தொப்பியைக் கழட்டாம உக்காந்திருந்தாரு.”

நான் மூடிய கண்ணுக்குள்ளேயே செத்தேன். முடிந்தது. அன்று கீப்பிங் வீட்டில் யோபு எப்படி உட்கார்ந்திருந்தான் என்று சொல்ல அந்த வீட்டுப் பிள்ளையைத் தவிர யாரால் முடியும்? இனி நாற்காலி நகரும், கதவு திறக்கும், செலீனா மாடியிலிருந்து ஓடி வருவாள் என்று காத்திருந்தேன்.

அப்சலோம் எழவில்லை. டீ குவளை ஒன்றை நிரப்பினார். மேசையில் வைத்து அம்மணியின் பக்கம் தள்ளினார். தள்ளும்போது கைப்பிடியை அதன் இடதுகைப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

கார்லண்டின் வலதுகையில் இரண்டு விரல் கிடையாது, ரம்பத்தில் போனது. எந்தக் குவளையையும் இடதுகையால்தான் எடுப்பான். ஆனால் இங்கே வந்ததிலிருந்து அந்தக் கைகள் கம்பளி உறைக்குள்தான் இருந்தன. உறைக்குள் இருக்கும் விரல்களை எண்ண யாராலும் முடியாது, ஏற்கெனவே தெரிந்திருந்தாலொழிய.

நான் ஒரு கண்ணைத் திறந்தேன். அப்சலோம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூங்கு டார்க்கஸ்” என்றார்.

நானும் தூங்கினேன், அல்லது அப்படி வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனியில் இருமலை வைத்து ஆளைச் சொல்லும் மனிதருக்கு ஒரு தோளும் ஒரு உயரமும் எதிரே உட்கார்ந்திருந்தால் தெரியாமலா போகும் என்று எனக்கு முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். பெயரைச் சொன்னால் துணி விலகும். துணி விலகினால் சத்தியம் எழுந்து நிற்கும். ஆகவே மனிதர் பிஷப்பையும் டீச்சரையும் ஊகித்துக்கொண்டே இருந்தார். இதைச் செலீனாவிடம் சொல்லத் துடித்தேன். சொல்லவில்லை. சொன்னால் அவள் முகம் மலரும், மலர்ந்த முகத்தைப் பார்த்தால் கிழவருக்குத் தெரியாததுபோல் இருக்கமுடியாமல் போகும். நான் ஒரு செய்தியை இத்தனை நேரம் வயிற்றில் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை. அஜீரணமே வந்தது.

வேஷ நாட்களின் கடைசிக் காலையில் சத்தம் நின்றது. காது அடைத்ததுபோல் அமைதி. கூடத்துப் பக்கம் திரைச்சீலை ஓரத்தில் வெயில், கண்ணைக் குத்துகிற மாதிரி.

“மாடி ஜன்னல் வழியா இறங்கிப் போய் மண்வெட்டியை எடுத்தா பின்வாசலைத் தோண்டிடலாம்” என்றான் ஹெட்லி.

“பொறு” என்றார் அப்சலோம். தலையைச் சொறிந்தார். “அம்மணி, என்னால முடியல. தோத்துட்டேன். இந்த வீட்டுல யாரையும் கண்டுபிடிக்காம அனுப்பினதில்ல. நீ யாருன்னு எனக்குத் தெரியாது. ஹெட்லி, உனக்குத் தெரியுமா?”

“தெரியாது மாமா” என்றான் ஹெட்லி, தன் வாழ்நாளில் சொன்ன ஒரே கெட்டிக்காரப் பொய்.

“டார்க்கஸ்?”

“பார்த்த ஞாபகமே இல்ல மாமா.”

அவர் கடிகாரத்தின் பின்னாலிருந்து ஒரு சாவியை எடுத்தார். கூடத்துக்குள் நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். அந்தக் கூடத்தில் தீ மூட்டி நாளாகியிருந்தது. எங்கள் மூச்சு புகையாகத் தெரிந்தது. முன்கதவின் பூட்டில் சாவி திரும்பவில்லை. கெட்டிலை எடுத்து வரச் சொல்லி, வெந்நீரை ஊற்றி, தோளால் இடித்தார்.

“அப்பா, என்ன பண்றீங்க?” செலீனா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அதைத் திறக்காதீங்க. அது அம்மா போன...”

கதவு திறந்தது. கடல், பனிக்கட்டி, வானம், எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தன. வாசலுக்குக் கீழே படியில்லை; மார்பளவு பள்ளம், துடைத்த பாறை.

“அம்மணி, இந்தப் பக்கம் போ” என்றார் அப்சலோம்.

எதிரே நின்றது பாதிரியாரும் இல்லை, பிணமும் இல்லை. அந்தக் கதவு திறக்க மிச்சம் இருந்த காரணம் ஒன்றுதான். செலீனா அதைக் கணக்குப் போட்டு முடிக்க எனக்கு ஆனதைவிட அதிக நேரம் ஆனது. ஆனபோது, மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இங்க ஒரு படி வேணும்” என்றார் அவர், கடலைப் பார்த்தபடி. “பொண்ணு புதுத் துணி கட்டிக்கிட்டுக் குதிச்சா இறங்குவா? மரவேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பனி உருகினதும் வந்து கட்டித் தரட்டும். பலகை நான் தரேன். ஆனா இந்தப் பக்கமாவே வரணும், இந்தப் பக்கமாவே போகணும். அடுப்பங்கரைக்குள்ள யாரு வரலாம், வரக்கூடாதுங்கறது வேற பேச்சு.”

அம்மணி வாசல் விளிம்பில் உட்கார்ந்து, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, கீழே குதித்தது. தலையணைக் கூன் கழன்று விழுந்தது. திரும்பி நின்று, முகத்துணியை விலக்காமல், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னது:

“சரிங்க மாமா.”

“போ, போ. சளி பிடிக்கும்.”

படியை அவன் மே மாதம் கட்டினான். கொஞ்சம் இடப்பக்கம் சாய்வுதான். நான் அன்றைக்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. ஜூன் மாதம் பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் இறங்கினார்கள். பத்து வருஷம் அவன் அந்த வீட்டில் முன்வாசல் வழியாகவே வந்து போனான். கூடத்திலேயே சாப்பிட்டான், பாதிரியார் மாதிரி. கிழவரும் சொல் தவறவில்லை: அவன் பெயரைச் சாகும்வரை வாயால் சொன்னதில்லை. “அம்மணி, கொஞ்சம் விறகு கொண்டா” என்பார், ஆறடி மனிதனைப் பார்த்து. பேரப்பிள்ளைகளுக்கு நாலு வயது வரை அதுதான் அப்பாவின் பெயர்.

கிழவர் முன்வாசல் வழியாகத்தான் போனார், பெட்டியில். அதன் பிறகு சிறு ஊர்களைக் காலிசெய்ய அரசாங்கம் பணம் கொடுத்தது, குடா காலியானது. செலீனாவும் கார்லண்டும் வீட்டைப் பீப்பாய்களின் மேல் ஏற்றிக் கடலில் மிதக்கவிட்டு, படகுகளால் இழுத்து வளைகுடாவின் அந்தக் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், சாய்ந்த படியோடு. டொரண்டோவுக்குப் போனது நாங்கள்தான், ஹெட்லியின் தம்பியிடம். இங்கே பனி விழுந்தால் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் யார் யாரோடு சண்டை என்று அறிய ஒரு வழியும் இல்லை.

லேஸ் திரை ஒன்று திரும்பி வந்தது, கொழுப்புக் கறையோடு. அதன் ஜோடியைச் செலீனா தரவில்லை. கல்யாணத்தன்று தலையில் போட்டிருந்தாள். அதனால் என் ஜன்னலில் இன்றைக்கும் ஒற்றைத் திரைதான். பாதி மூடும், பாதி தெரியும். எனக்கு அது வசதியாகவே இருக்கிறது.